வீட்டில் எழுதிய இறுவட்டு ஓடவில்லையா? எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

"கொம்பியூட்டரில வடிவா ஓடுது. ரீவிக்குக் கீழ இருக்கிற பிளேயரில போட்டா நிக்குது."

கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் தேர், அந்தியேட்டி என்று எதைப் படம்பிடித்து வீட்டுக் கணினியில் இறுவட்டாக எழுதினாலும் இந்த முறைப்பாடு ஒருநாள் வரும். வந்தவுடன் பெரும்பாலானோர் செய்வது, இன்னொரு வெற்றுத் தட்டை எடுத்து அதே கோப்பை அதே முறையில் திரும்ப எழுதுவது. பிழை கோப்பிலோ எழுதிய முறையிலோ இருந்தால் இரண்டாவது தட்டும் அதே இடத்தில்தான் நிற்கும். மூன்றாவதும் நிற்கும். கடைசியில் "இந்த பிராண்ட் தட்டு சரியில்லை" என்று தீர்ப்பாகிவிடும்.

"ஓடேல்லை" என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு வேறு வேறு பழுதுகள் இருக்கின்றன. பிளேயர் தட்டைக் கண்டுகொள்ளவே இல்லையா? கண்டுவிட்டுக் கோப்பு இல்லை என்கிறதா? ஒரு மணித்தியாலம் ஓடி நிற்கிறதா? படம் வந்து சத்தம் வரவில்லையா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இன்னொரு தட்டை எரிப்பது காசுக்குக் கேடு.

தட்டு உள்ளே போனதும் நடப்பது

பிளேயருக்குள் போன தட்டு சுழலத் தொடங்கும். கீழிருந்து லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்பும். டிவிடிக்கு 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி; சீடிக்கு 780 நனோமீற்றர், அது அகச்சிவப்பு. டிவிடியில் தரவு எழுதப்படும் தடங்களுக்கு இடையிலான தூரம் 0.74 மைக்ரோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஏறக்குறைய 100 தடங்கள் அடங்கும். அந்தத் தடம் தட்டின் நடுத்துளைக்குப் பக்கத்தில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கிச் சுருளாகப் போகிறது. நடுவில் இருந்து வெளியே என்ற இந்த ஒழுங்கை மனத்தில் வைத்திருங்கள்; பின்னுக்கு இது ஒரு பெரிய துப்பாகப் பயன்படும்.

கடையில் வாங்கும் ஒறிஜினல் படத் தட்டு தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் செய்தது. அதில் உண்மையான பள்ளங்கள் இருக்கின்றன. வீட்டில் எழுதும் தட்டில் பள்ளம் இல்லை. ஒரு சாயப் படை இருக்கிறது. எழுதும் லேசர் அந்தச் சாயத்தை இடையிடையே சுட்டு, ஒளி குறைவாகத் திரும்பும் புள்ளிகளை உண்டாக்குகிறது. அச்சுத் தட்டோடு ஒப்பிட்டால் இதில் இருந்து திரும்பி வரும் சமிக்ஞை மெல்லியது. அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தட்டு இன்னும் மோசம்: ஒற்றைப் படை அச்சுத் தட்டு படும் ஒளியில் 45 வீதத்துக்குக் குறையாமல் திருப்பும், ஆர்டபிள்யூ 18 முதல் 30 வீதம் வரைதான் திருப்பும்.

"ஒறிஜினல் ஓடுது, இது ஓடேல்லை, அப்ப பிளேயரில பிழை இல்லை" என்ற வாதம் இதனால்தான் முழுதாக நிற்காது. லேசர் களைத்துப்போன, வில்லையில் தூசு படிந்த பிளேயர் ஒறிஜினலை ஓட்டும், எழுதிய தட்டில் தடுமாறும். இரண்டு தட்டும் இரண்டு பிளேயரும் வைத்துச் சோதித்தால் மட்டுமே குற்றவாளியைப் பிடிக்கலாம். பிரச்சினைத் தட்டை அயல்வீட்டுப் பிளேயரில் போடுங்கள். நன்றாக ஓடுகிற வேறொரு வீட்டுத் தட்டை உங்கள் பிளேயரில் போடுங்கள். பிழை தட்டோடு போகிறதா, பிளேயரோடு நிற்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"நோ டிஸ்க்"

தட்டைப் போட்டவுடன் இப்படி வந்தால் முதலில் தட்டை எடுத்து வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் நிறத்தில் சற்று வேறுபடும். வட்டமான ஒரு எல்லை தெரியும். எல்லையே இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் அது நிறையவே எழுதிய தட்டாக இருக்கலாம், அல்லது ஒன்றுமே எழுதாத வெறும் தட்டாக இருக்கலாம். நடுத்துளைக்குப் பக்கத்தில் மெல்லிய ஒரு வளையம் மட்டும் தெரிந்தால், எழுத வேண்டிய இரண்டு மணித்தியாலப் படத்துக்குப் பதிலாகச் சில கிலோபைட் அளவுள்ள ஏதோ ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். வீடியோ வெட்டி ஒட்டும் மென்பொருளின் புறொஜெக்ட் கோப்பைப் படம் என்று நினைத்து எழுதினால் நடப்பது இதுதான். அந்தக் கோப்புக்குள் படம் இல்லை. படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது.

அடுத்தது தட்டின் வகை. டிவிடி மைனஸ் ஆர், டிவிடி பிளஸ் ஆர் என்று இரண்டு குடும்பங்கள். இன்றைய எழுதும் டிரைவ்கள் இரண்டையும் எழுதும். பழைய பிளேயர்கள் சில ஒன்றை மட்டும் ஏற்கும், பெரும்பாலும் மைனஸை. யாருடைய பிளேயரில் ஓடப்போகிறது என்று தெரியாவிட்டால் மைனஸ் ஆர் வாங்குவது பாதுகாப்பு. கையில் பிளஸ் ஆர்தான் இருக்கிறது என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு தட்டின் தொடக்கத்திலும் "நான் இன்ன வகை" என்று சொல்லும் ஒரு குறிப்பு இருக்கும். இதற்கு புக் ரைப் என்று பெயர். பிளஸ் ஆர் தட்டில், எழுதும் டிரைவ் அனுமதித்தால், இந்தக் குறிப்பை "டிவிடி றொம்" என்று மாற்றி எழுதலாம். பிளேயர் அதை அச்சுத் தட்டு என்று நம்பி உள்ளே விடும். இம்க்பேர்ன் என்ற இலவச மென்பொருளில் இதற்கான வசதி இருக்கிறது. (அதை நிறுவும்போது வேறு ஏதும் மென்பொருள் சேர்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.)

8.5 கிகாபைட் கொள்ளும் இரட்டைப் படைத் தட்டை வீட்டுப் படங்களுக்குப் பாவிக்க வேண்டாம். ஒரு படையில் இருந்து மற்றப் படைக்கு லேசர் தாவும் இடத்தில் பல பிளேயர்கள் நின்றுவிடும். விலையும் கூட. இரண்டு சாதாரணத் தட்டுகளில் பிரித்து எழுதுவது எல்லா வகையிலும் மேல்.

மூடாத தட்டு

எழுதிய கருவியில் மட்டும் ஓடுகிறது, வேறு எங்கே போட்டாலும் வெறும் தட்டு என்கிறது. இந்த அடையாளம் தெரிந்தால் வேறு ஒன்றையும் தேட வேண்டாம்: தட்டு மூடப்படவில்லை. எழுதி முடித்தபின் "இதோடு முடிந்தது, பொருளடக்கம் இது" என்று தட்டின் உள்பக்கத்தில் பதிய வேண்டும். அதற்கு ஃபைனலைஸ் என்று பெயர். 8 சென்ரிமீற்றர் சிறு தட்டில் நேரே பதியும் பழைய கமராக்களிலும், ரீவிக்குக் கீழ் வைத்துப் பதியும் டிவிடி ரெக்கோடர்களிலும் இதை நாங்கள்தான் மெனுவுக்குள் போய்ச் செய்ய வேண்டும். பற்றரி இறங்கியதாலோ அவசரத்திலோ விட்டுவிடுவார்கள். அதே கமராவில் போட்டு, பற்றரியை நம்பாமல் கரண்டில் கொழுவி, ஃபைனலைஸ் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இடையில் கரண்ட் போனால் தட்டும் போகும். மின்வெட்டு நேரத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்.

கணினியில் எழுதும்போதும் மின்வெட்டு இதே கதைதான். ஒருமுறை மட்டும் எழுதும் தட்டில் பாதி எழுதி நின்றால் மிச்சத்தைப் பிறகு தொடர முடியாது. லப்ரொப் என்றால் பற்றரி காப்பாற்றும். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வேண்டும்.

தட்டு தெரிகிறது, படம் தெரியவில்லை

ஆகக் கூடுதலான குழப்பம் இங்கேதான். படக் கோப்பு உள்ள டிவிடியும், டிவிடிப் படமும் ஒன்றில்லை. இரண்டும் ஒரே தட்டில்தான் எழுதப்படுகின்றன, இரண்டிலும் உங்கள் வீடியோ இருக்கிறது. ஆனால் ரீவிப் பிளேயர் தேடுவது ஒரு குறிப்பிட்ட அமைப்பை.

கணினியில் ஒரு ஒறிஜினல் படத் தட்டைத் திறந்து பாருங்கள். வீடியோ டிஎஸ் என்ற பெயரில் (இரண்டுக்கும் இடையில் ஒரு கீழ்க்கோடு இருக்கும்) ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் மூன்று வகைக் கோப்புகள். விஓபி என்று முடிபவற்றில்தான் படமும் சத்தமும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆகக்கூடியது 1 கிகாபைட், அதனால் நீண்ட படம் பல துண்டுகளாக இருக்கும். ஐஎஃப்ஓ என்பவை எந்தத் துண்டு எப்போது ஓட வேண்டும், மெனு எங்கே, அத்தியாயம் எங்கே என்று சொல்லும் வழிகாட்டி. பியூபி என்பவை அந்த வழிகாட்டியின் பிரதி, ஒன்று பழுதானால் மற்றது உதவ. பிளேயர் முதலில் படிப்பது ஐஎஃப்ஓவை. அது இல்லாமல் விஓபியை மட்டும் ஒரு தட்டில் கொப்பி பண்ணினால் பிளேயருக்குத் தொடக்கம் தெரியாது.

கையடக்கத் தொலைபேசியில் எடுத்த எம்பி4 கோப்பை அப்படியே தட்டில் எழுதினால் அது வெறும் தரவுத் தட்டு. விஎல்சி போன்ற மென்பொருள் எதையும் திறந்து காட்டும், அதனால்தான் கணினியில் "வடிவா" ஓடியது. டிவிடிப் படம் என்றால் வீடியோ எம்பெக்2 வடிவில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் உள்ள பால் என்ற ஒளிபரப்பு முறையில் அளவு 720க்கு 576, விநாடிக்கு 25 சட்டங்கள் (தனிப் படங்கள்). சத்தம் 48 கிலோஹேர்ட்ஸ். தொலைபேசி தரும் வீடியோ இந்த வடிவில் இருப்பதில்லை. சில பிளேயர்கள் முகப்பில் டிவ்எக்ஸ் அடையாளத்தோடு வரும். அவை ஏவிஐ கோப்புகளை ஏற்கும், எம்பி4ஐ ஏற்கும் என்று நம்ப முடியாது.

விண்டோஸில் வெற்றுத் தட்டைப் போட்டதும் ஒரு கேள்வி வரும்: பென் ட்ரைவ் போலப் பாவிக்கவா, சீடி அல்லது டிவிடி பிளேயரில் பாவிக்கவா? முதலாவதைத் தெரிவு செய்தால் ரீவிப் பிளேயர் அநேகமாகத் தட்டைத் திறக்காது. இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள். ஆனால் இரண்டாவதில் "டிவிடி பிளேயர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கணினியே உங்கள் எம்பி4ஐப் படத் தட்டாக மாற்றித் தரும் என்று நினைக்கக்கூடாது. அது கோப்புகளை எழுதும் முறையைத்தான் கேட்கிறது. விஸ்ராவிலும் விண்டோஸ் 7இலும் விண்டோஸ் டிவிடி மேக்கர் என்று அந்த மாற்றும் வேலையைச் செய்யும் ஒன்று கூடவே வந்தது. விண்டோஸ் 8 முதல் அது இல்லை. இப்போது டிவிடிஸ்ரைலர் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கலாம். கோப்பை இழுத்துப் போட்டு, பால் முறை, 16:9, மெனு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிட்டால், மாற்றி, வீடியோ டிஎஸ் கோப்புறையைக் கட்டி, எழுதியும் தரும். மாற்றுவதற்குக் கன நேரம் எடுக்கும். பழைய கணினியில் இரவு விட்டுவிட்டுப் படுக்கலாம்.

ஐஎஸ்ஓ கோப்பிலும் இதே வகைத் தவறு நடக்கிறது. ஐஎஸ்ஓ என்பது ஒரு முழுத் தட்டின் உருவத்தை ஒற்றைக் கோப்பாகச் சுருட்டி வைத்தது. ஒரு ஸ்ரூடியோ உங்களுக்கு அதை பென் ட்ரைவில் தந்தால், அதை "உருவமாக" எழுத வேண்டும். விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கினால் அதற்கான கட்டளை வரும். இம்க்பேர்னிலும் முதல் தெரிவே அதுதான். சாதாரணக் கோப்புப் போல இழுத்துப் போட்டு எழுதினால், தட்டைத் திறக்கும்போது உள்ளே ஒரேயொரு ஐஎஸ்ஓ கோப்பு உட்கார்ந்திருக்கும். பிளேயருக்கு அது மூட்டை கட்டிய சாமான், அவிழ்க்கத் தெரியாது.

சீடியில் விசீடி, அதாவது வீடியோ சீடி, எழுதுபவர்களுக்கும் ஒரு சொல். பழைய விசீடியில் இருக்கும் டிஏரி கோப்பை வேறொரு சீடிக்குக் கொப்பி பண்ணினால் அது விசீடி ஆகாது. விசீடிக்கு எம்பெக்1 வீடியோ, தனியான கோப்புறை அமைப்பு, தனியான எழுதும் முறை எல்லாம் உண்டு. கூடுதல் இடம் பிடிக்க விசீடியில் பிழைதிருத்தும் தரவின் ஒரு பகுதி விடப்பட்டிருக்கிறது. ஒரே அளவு கீறலுக்கு விசீடியில் சதுரம் சதுரமாகப் படம் உடைவதும் தரவுச் சீடி தப்பிப்பதும் அதனால்தான்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் பல பிளேயர்கள் பெட்டி பெட்டியாகக் காட்டும். சில அந்தக் கோப்பையே பட்டியலில் விட்டுவிடும். தரவுத் தட்டு என்றால் ஆங்கில எழுத்தில் குறுகிய பெயர் வையுங்கள்.

தேர் வெளிக்கிடும் நேரம் பார்த்து நிற்கிறது

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் சுருக்கி ஒரு தட்டில் எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கொடியேற்றம் நன்றாக ஓடுகிறது, மஞ்சம் ஓடுகிறது, 24ஆம் நாள் தேர் வரும்போது படம் உறைகிறது. முருகன் சோதிக்கவில்லை. தேர் படத்தின் கடைசிப் பக்கம் வருகிறது, கடைசிப் பக்கம் தட்டின் வெளி விளிம்பில் இருக்கிறது.

வெளி விளிம்புதான் தட்டின் பலவீனமான இடம். மலிவுத் தட்டுகளில் சாயம் அங்கே சீராகப் படியாது. தட்டு சற்று வளைந்திருந்தால் அங்கேதான் கூடுதலாக ஆடும். கைவிரல் பிடிப்பதும் அங்கேதான். எனவே தட்டை விளிம்புவரை நிரப்பாதீர்கள். பெட்டியில் 4.7 கிகாபைட் என்று இருக்கும். அது ஆயிரம் ஆயிரமாக எண்ணிய கணக்கு. விண்டோஸ் 1024ஆல் எண்ணுவதால் அதே தட்டை 4.38 என்று காட்டும். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அந்த 4.38இல் ஏறக்குறைய 4.0 வரை மட்டும் எழுதி மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

அப்படி விட்டால் எவ்வளவு படம் பிடிக்கும் என்பது சின்னக் கணக்கு. விண்டோஸ் 4.0 என்று காட்டும் அளவு ஏறக்குறைய 34,400 மெகாபிட். இதைப் படத்தின் நீளத்தால், விநாடியில், வகுத்தால் விநாடிக்கு எத்தனை மெகாபிட் செலவழிக்கலாம் என்று வரும். ஒன்றரை மணித்தியாலம் என்றால் 5,400 விநாடி: 6.4 மெகாபிட், அருமையான தரம். இரண்டு மணித்தியாலத்துக்கு 4.8, நல்லது. மூன்று மணித்தியாலத்துக்கு 3.2, கதிரையில் இருந்து கதைப்பவர்களைக் காட்ட அது காணும், நடனமும் பூ எறிவதும் வந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். மூன்று மணித்தியாலக் கலியாணத்தை இரண்டு தட்டில் போடுவதே முறை.

மறுபக்கம், ஒரு மணித்தியாலப் படத்துக்கு 9.5 வருகிறதே, அப்படியே கொடுப்போம் என்று நினைக்க வேண்டாம். டிவிடியில் வீடியோவுக்கு அனுமதித்த உச்சம் விநாடிக்கு 9.8 மெகாபிட். எழுதிய தட்டை அந்த வேகத்தில் தொடர்ந்து படிக்க எல்லாப் பிளேயராலும் முடியாது. திருப்பிப் படிக்க வேண்டிய ஒரு சின்னக் கீறல் வந்தாலே மூச்சு வாங்கும். 8க்கு மேல் போகாதீர்கள். சத்தத்தைச் சுருக்காத பிசிஎம் வடிவில் வைத்தால் அதுவே 1.5 மெகாபிட் தின்னும். சுருக்கிய ஏசி3 வடிவு என்றால் 0.2 போதும்.

இனி, எங்கே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிளேயரிலும் ஒரே நிமிடத்தில் நின்றால் பழுது கோப்பில், அல்லது எழுதும்போது விழுந்த வடு. கணினியின் வன்தட்டில் உள்ள மூலக் கோப்பை அந்த நிமிடத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் துள்ளினால் எத்தனை தட்டு எரித்தும் பயனில்லை. ஒரு பிளேயரில் மட்டும் ஒரே இடத்தில் நின்றால் தட்டு தேறியும் தேறாத நிலையில் இருக்கிறது; வேறு நல்ல தட்டில், வேறு வேகத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால், அதிலும் இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகே தொடங்கினால், பிளேயரைச் சந்தேகியுங்கள். அலுமாரிக்குள் காற்றோட்டம் இல்லாமல், மேலே கேபிள் பெட்டியும் அடுக்கி வைத்திருந்தால் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெய்யிலில் அது வேறென்ன செய்யும்?

எழுதும் வேகம் பற்றி நிறைய ஐதீகம் உண்டு. "ஆகக் குறைந்த வேகத்தில் எழுது, தட்டு நிலைக்கும்" என்பார்கள். 16 மடங்கு என்று குறித்த தட்டின் சாயம் வேகமான எழுத்துக்காகவே செய்யப்பட்டது. அதை ஆக மெதுவாகச் சுடுவதால் நன்மை வருமென்று இல்லை. அதற்கு 8 மடங்கு ஒரு நல்ல நடுவழி. முழுத் தட்டுக்குப் பத்து நிமிடத்துக்குள் முடியும். உச்ச வேகமான 16ஐத்தான் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் அந்த வேகம் வருவதே வெளி விளிம்பில்.

எழுதி முடித்ததும் சரிபார்க்கும் பெட்டியில், அதாவது வெரிஃபையில், சரி அடையாளம் போட மறக்காதீர்கள். இன்னுமொரு பத்து நிமிடம் கூடும். தட்டைக் கையில் கொடுத்தனுப்பும் முன் பிழை தெரிவது நல்லதா, சூரிச்சில் இருந்து மாமி போன் எடுத்துச் சொல்லித் தெரிவது நல்லதா?

மேலே ஒட்டும் காகித லேபலை விட்டுவிடுங்கள். மணமக்கள் படத்தோடு வடிவாக இருக்கும், உண்மைதான். ஆனால் சற்றுச் சரிந்து ஒட்டினாலும் சுழலும்போது தட்டு ஆடும். சூட்டிலும் ஈரத்திலும் காகிதம் சுருங்கித் தட்டை வளைக்கும். படம் வேண்டுமென்றால் மேற்பரப்பு வெள்ளையாக உள்ள, நேரே அச்சிடக்கூடிய தட்டை வாங்கிப் பிறின்ரரில் அடிக்கலாம்.

ரொறொன்ரோவுக்கு அனுப்பும் தட்டு

எங்கள் வீட்டு நிகழ்ச்சித் தட்டுகளில் பாதி கடல் கடந்துதான் போகின்றன. இலங்கை பால் முறை (தேத்தண்ணிப் பால் இல்லை, ஒளிபரப்பு முறை). இங்கிலாந்து, ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாம் டிவிடியில் அதே முறை. பிரான்ஸிலும் பால் டிவிடி ஓடும். கனடாவும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி: 720க்கு 480, விநாடிக்கு 29.97 சட்டங்கள். பால் நாட்டுப் பிளேயர்களில் அனேகமானவை என்டிஎஸ்சி தட்டையும் ஓட்டும். கனடாவில் வாங்கிய பிளேயர் பால் தட்டை ஓட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் ஒரே தட்டுத்தான் என்றால் என்டிஎஸ்சியில் எழுதுவது ஒரு வழி. தரம் சற்றுக் குறையும், அசைவு சிறிது துள்ளும். முடிந்தால் தனித்தனியாக எழுதுங்கள். கனடாத் தட்டில் சத்தத்தை ஏசி3இல் வையுங்கள். எம்பி2 சத்தம் பால் நாடுகளில் பழக்கமானது, கனடாவில் ஊமையாகலாம்.

எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் வலயக் குறியீட்டைப் பலர் குற்றம் சாட்டுவார்கள். கனடா 1, ஐரோப்பா 2, அவுஸ்திரேலியா 4, இந்தியா 5 என்பது ஒறிஜினல் படத் தட்டுகளுக்கு. வீட்டில் கட்டிய தட்டில் வலயப் பூட்டு நீங்களாகப் போட்டால் ஒழிய இருக்காது. "றீஜன் பிழை" என்று எழுத்தில் வந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் தட்டைக் கழற்றாதீர்கள், வயரைப் பாருங்கள். மஞ்சள் முனை பச்சைத் துளையில் செருகப்பட்டிருந்தால் நிறம் போய்விடும். புதிய ரீவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளை இருக்கும்; அப்படியானால் ரீவி மெனுவில் ஏவி என்று மாற்ற வேண்டும். வயர் சரி என்றால் பிளேயர் அமைப்பில் ரீவி வகை பால், என்டிஎஸ்சி, ஓட்டோ என்று இருப்பதில் ஓட்டோவை வையுங்கள். படம் வந்து சத்தம் வராவிட்டால் பிளேயரின் டிஜிற்றல் சத்த அமைப்பு பிட்ஸ்ரீம் அல்லது றோ என்று இருக்கும், பிசிஎம் ஆக்குங்கள்.

ஆட்கள் எல்லாரும் ஒல்லியாகவும் நெட்டையாகவும் தெரிந்தால் 16:9 படத்தை 4:3 என்று குறித்து எழுதியிருக்கிறீர்கள். அதைத் தட்டில் திருத்த முடியாது, திரும்பக் கட்ட வேண்டும். பரத நாட்டியத்தில் கை அசையும்போதெல்லாம் முன்னும் பின்னுமாகத் துடித்தால் அது புல ஒழுங்குப் பிழை (ஒரு சட்டத்தின் ஒன்றுவிட்ட கோடுகளைக் கொண்ட பாதிதான் ஒரு புலம்). பழைய டிஜிற்றல் நாடாக் கமராக்கள் ஒவ்வொரு சட்டத்திலும் கீழ்ப்புலத்தை முதலில் பதிந்தன, பின்னர் வந்த எச்டி கமராக்கள் மேற்புலத்தை. மென்பொருளில் இதை மாறிச் சொன்னால் நேரம் முன்னும் பின்னும் தாவும். அசையாமல் நிற்பவர்களில் இது தெரியாது, அதனால் சரிபார்க்கும்போது ஆட்டம் வரும் இடத்தைப் பாருங்கள்.

துடைப்பதும் பழையதைக் காப்பாற்றுவதும்

வட்டமாகத் துடைக்காதீர்கள். நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். டிவிடியின் பிழைதிருத்தம் தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறலைத் தாண்டிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு தடத்திலும் கொஞ்சம்தான் போகிறது. தடத்தின் வழியே நீளமாக ஓடும் கீறலில் தொடர்ந்து தரவு போகும், அதை ஈடு செய்ய முடியாது. வட்டமாகத் துடைத்தால் துணியில் உள்ள ஒரு மணல் போதும், அந்த மோசமான கீறலை உண்டாக்க. செம்பாட்டுத் தூசு படிந்த தட்டை முதலில் ஓடும் தண்ணீரில் கழுவி, பிறகு கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் துடைக்கவும். விரல் அடையாளத்துக்கு ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், அல்லது ஐசோபுறோப்பைல் அல்ககோல். மண்ணெண்ணெய், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் கூடாது. பற்பசை போட்டுத் தேய்க்கும் வைத்தியம் ஆழமில்லாத கீறலை மழுப்பும், சில வேளை கூடுதலாகவும் கீறும். படத்தைக் கொப்பி எடுக்கும் முன் அதைச் செய்யாதீர்கள். சீடியில் மேற்பக்கத்துக் கீறல்தான் ஆபத்து: தரவுப் படை லேபலுக்கு உடனே கீழே இருக்கிறது. டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது.

2000களில் எழுதிய தட்டுகள் இப்போது திறக்கவில்லை என்றால் சாயம் மங்கியிருக்கலாம். வெய்யில் படும் யன்னலோரம், சூடான அலுமாரி மேல்தட்டு, மாரி ஈரம் எல்லாம் அதைக் கெதிப்படுத்தும். ஒரு கணினியில் படிக்காதது இன்னொன்றில் படிக்கும். எழுதக்கூடிய டிரைவ்கள் வெறும் வாசிப்பானை விடத் திறமையாகப் படிப்பதும் உண்டு. வெளியே கொழுவும் யூஎஸ்பி டிரைவ் தட்டைச் சுற்றிவிட்டு "கிளிக் கிளிக்" என்று நின்றால் தட்டைக் குறை சொல்ல முன் கரண்டைப் பாருங்கள்: மேசைக் கணினியின் பின்பக்கத் துளையில் நேரே செருகுங்கள், ஹப்பில் வேண்டாம், இரட்டை முனை வயர் தந்திருந்தால் இரண்டையும் கொழுவுங்கள்.

சாதாரணக் கொப்பி ஒரு பிழை வந்ததும் முழுவதையும் கைவிடும். லினக்ஸில் உள்ள டிடிரெஸ்கியூ படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுத்து, முடியாத துண்டுகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். ஒரே தட்டை இரண்டு வேறு டிரைவ்களில் போட்டு ஒரே கோப்பில் தொடர்ந்து நிரப்பவும் அதனால் முடியும். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். மூடாத தட்டுக்கும், அந்தக் கமரா இப்போது இல்லை என்றால், ஐசோபஸ்ரர் போன்ற மென்பொருள் உள்ளே உள்ள வீடியோவைத் தேடி எடுக்கும்.

எடுத்த விஓபி துண்டுகளை பென் ட்ரைவில் போட்டு ரீவியில் நேரே ஓட்டலாம். எம்பி4 ஆக மாற்றினால் இன்னும் நல்லது. ஆனால் பென் ட்ரைவ் ஃபற்32 முறையில் இருந்தால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. இடம் இருந்தும் "இடம் போதாது" என்ற தொனியில் ஒரு செய்தி வரும். மூன்று மணித்தியாலக் கலியாணத்தை அப்போது தாலி கட்டும் வரை ஒன்று, அதற்குப் பிறகு ஒன்று என்று இரண்டாக வெட்டுங்கள்.